கம்பியில்லாக் கருவிக்கும் செக்ரோல் உண்டு

சென்ற தீபாவளிக்கு என் தமக்கையின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அப்போது லயத்தில் ஒரு பேச்சு அடிபட்டுக் கொண்டிருந்தது. தமக்கை வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் வீடியோ விளையாட்டுப் பெட்டி இரவு நேரத்தில் தானாகவே விழித்துக் கொள்கிறதாம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் பெட்டி 'பீப்' என்று குரல் கொடுக்கிறது, முன்விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி ஓடத் தொடங்குகிறது. அந்த வீட்டு அம்மாள் இரண்டு வெள்ளிக்கிழமை சூடம் காட்டிப் பார்த்துவிட்டார். பெட்டி அடங்குவதாயில்லை.

தமக்கை வீட்டில் வேறு விதமான துக்கம். அத்தான் ஆறு மாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, மகனுக்குப் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். அதன் கன்ட்ரோலர், அதாவது கையில் பிடித்து விளையாடும் கம்பியில்லாக் கருவி, இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை. பொத்தானை அழுத்தினால் அதில் விளக்கு எரிகிறது. பெட்டியோ அசையக் காணோம். பட்டணத்தில் ஒரு கடையில் காட்டியதற்கு, "உள்ளே போர்டு போய்விட்டது, புதியது வாங்கிக் கொள்ளுங்கள், 180 வெள்ளி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன்தான் கீழே போட்டு உடைத்திருக்க வேண்டும் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார். பையனும் மறுத்துப் பேசவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாய் திறக்காமல் நின்றால் பெரியவர்கள் அதை ஒப்புதல் வாக்குமூலமாகத்தானே எடுத்துக் கொள்கிறோம்?

நேயர்களே, இரண்டு வீட்டுக்கும் வந்தது ஒரே நோய்தான். கன்ட்ரோலர் உடையவில்லை. பெட்டியில் பேயும் இல்லை. இந்தக் கருவிகள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் கண்டு கொள்கின்றன என்பது தெரிந்தால் போதும், இரண்டும் விளங்கிவிடும்.

கம்பி உள்ள கருவி என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. கம்பியின் ஒரு முனை கருவியில், மறு முனை பெட்டியில். கம்பி இல்லாவிட்டால் என்ன செய்வது? கன்ட்ரோலர் அனுப்புவது வானொலி அலை. நீங்கள் இப்போது கேட்கும் இந்த ஒலிபரப்பைப் போலவே அதுவும் ஒரு சின்னஞ்சிறு ஒலிபரப்பு. அலைக்குச் சுவர் தெரியாது. வீட்டுக்கு வீடு ஒரே சுவர் உள்ள லயத்தில், அது பத்து மீட்டர் தூரம் தாராளமாகப் போகும். ஆகவே எந்தக் கன்ட்ரோலர் எந்தப் பெட்டிக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே எங்காவது பதிந்து வைத்தாக வேண்டும்.

முன்னாளில் இதை மனிதனே செய்தான். 2002ஆம் ஆண்டில் நின்டெண்டோ கம்பெனி தன்னுடைய கேம்கியூப் பெட்டிக்கு வேவ்பேர்ட் என்ற கம்பியில்லாக் கன்ட்ரோலரை வெளியிட்டது. அதில் 1 முதல் 16 வரை எண்கள் உள்ள சிறு சக்கரம் ஒன்று உண்டு. பெட்டியில் செருகும் வாங்கியிலும் அதே போன்ற சக்கரம். இரண்டிலும் ஒரே எண்ணை வைத்தால் இரண்டும் பேசிக் கொள்ளும். முள்ளைத் திருப்பி நிலையம் பிடிப்போமே, அதே வேலைதான். பக்கத்து வீட்டுக்காரரும் அதே எண்ணை வைத்திருந்தால் தகராறு.

இன்றைய கருவிகளில் சக்கரம் கிடையாது. அவை செய்வது நம் தோட்டத்துச் செக்ரோல் முறை. பெரட்டுக் களத்தில் கூட்டம் நிற்கிறது. செக்ரோலில் பெயர் உள்ளவரைக் கூப்பிடுகிறார்கள், அவருக்கு அன்றைய பேர் விழுகிறது. பெயர் பதியாத ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். புளூடூத் என்ற முறையில் ஓடும் ஒவ்வொரு கருவிக்கும், நம் அடையாளக் கார்டு எண்ணைப் போல, தனக்கென்று ஓர் எண் உண்டு. முதன்முதலாக இரண்டையும் சேர்க்கும்போது பெட்டி கன்ட்ரோலரின் எண்ணைக் குறித்துக் கொள்கிறது. கன்ட்ரோலர் பெட்டியின் எண்ணைக் குறித்துக் கொள்கிறது. இருவருக்கும் மட்டும் தெரிந்த இரகசியச் சாவி ஒன்றும் உண்டாகிறது. இதைத்தான் 'பேரிங்' என்கிறார்கள். நாம் பதிவு என்று வைத்துக் கொள்வோம். பதிவு ஒரு முறை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நடப்பது பெயர் கூப்பிடுவது மட்டுமே.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெட்டியின் செக்ரோலில் பல கன்ட்ரோலர்களின் பெயர்கள் இருக்கலாம். ஆனால் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் கடைசியாகப் பதிந்த ஒரே ஒரு பெட்டியைத்தான் நினைவில் வைத்திருக்கும். வேறு பெட்டியில் பதிந்த மறுகணமே பழைய பெட்டியை மறந்துவிடும்.

தமக்கை மகன் செய்தது இதுதான். இரண்டு பேர் சேர்ந்து விளையாட அடுத்த வீட்டில் இன்னொரு கன்ட்ரோலர் தேவைப்பட்டது. இவன் தன்னுடையதை எடுத்துப் போனான். அந்த வீட்டுப் பையன் அதைக் கம்பி மாட்டித் தன் பெட்டியில் பதிந்தான். விளையாடி முடித்து இவன் வீடு திரும்பிவிட்டான். அன்று முதல் கன்ட்ரோலருக்கு எஜமான் அடுத்த வீட்டுப் பெட்டி! இவன் இரவில் இங்கே உட்கார்ந்து வேலை செய்கிறதா என்று திருட்டுத்தனமாக அழுத்திப் பார்க்கும்போதெல்லாம், சுவருக்கு அப்பால் ஓய்வு நிலையில் தூங்கிக் கொண்டிருந்த பெட்டி, தன் ஆள் கூப்பிடுகிறான் என்று எழுந்து உட்கார்ந்தது. வீட்டுச் சாமான் எதையும் வெளியே கொண்டு போகக் கூடாது என்பது அத்தானின் கட்டளை. பையன் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். உடைத்ததாக ஏச்சு வாங்குவது, கட்டளையை மீறியதாகச் சொல்வதைவிட மேல் என்று அவன் நினைத்துவிட்டான்.

இனி, பதிவு செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

நம் வீடுகளில் அதிகம் காணப்படுவது பிளேஸ்டேஷன் 4 என்ற பெட்டி. 2013இல் வெளிவந்தது, பழைய பொருளாக இன்றும் கைமாறிக் கொண்டிருக்கிறது. பெட்டியை இயக்குங்கள். யூ.எஸ்.பி. கம்பியின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையைக் கன்ட்ரோலரிலும் செருகுங்கள். கன்ட்ரோலரின் நடுவில் உள்ள பி.எஸ். பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். பதிவு முடிந்தது. கம்பியைக் கழற்றிவிடலாம். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5க்கும் முறை இதேதான். கம்பியின் முனை மட்டும் வேறு வடிவம்.

இவ்வளவு சுலபமான வேலையில் பாதிப் பேர் தோற்றுப் போவது கம்பியால். தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். யூ.எஸ்.பி. கம்பிக்குள்ளே வழக்கமாக நான்கு மெல்லிய கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்தைக் கொண்டு போகும். மற்ற இரண்டும் செய்தியைக் கொண்டு போகும். மலிவான சில கம்பிகளில் செய்திக் கம்பிகள் இரண்டையும் போடாமலே விட்டுவிடுகிறார்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற அது போதும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தக் கம்பியைக் கன்ட்ரோலரில் மாட்டினால் சார்ஜ் ஏறும், விளக்கு மினுக்கும், ஆனால் பதிவு மட்டும் நடக்காது. மின்சாரம் போகிறது, பெயர் போகவில்லை! உடனே கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்கிறோம். கம்பியைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அதே கம்பியில் கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, படங்களைக் கணினிக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடத்துக் கணினியில்கூடச் செய்து பார்க்கலாம். படம் போனால் கம்பியில் நான்கும் இருக்கின்றன.

நல்ல கம்பி போட்டும் பதிவாகாவிட்டால், கன்ட்ரோலரின் பழைய நினைவை அழித்துவிட வேண்டும். அதன் முதுகுப்புறத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். பெட்டியை முழுவதும் அணைத்துவிட்டு, குண்டூசியாலோ நிமிர்த்திய காகிதப் பிடிப்பானாலோ அந்தத் துளைக்குள் உள்ள பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு கம்பியை மாட்டி முதலிலிருந்து தொடங்குங்கள். செத்துப் போனதாக ஒதுக்கி வைத்த கன்ட்ரோலர்கள் இந்த ஒரு குண்டூசியால் பிழைத்திருக்கின்றன.

எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் வேறு ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட் கம்பெனி கன்ட்ரோலரோடு பேசுவதற்குப் புளூடூத்தை வைக்காமல் தன்னுடைய சொந்த முறையை வைத்திருக்கிறது. பெட்டியில் ஒரு சிறு பதிவுப் பொத்தான் உண்டு. கன்ட்ரோலரின் மேல் விளிம்பிலும் ஒன்று உண்டு. பெட்டியின் பொத்தானை முதலில் தட்டி, 20 விநாடிக்குள் கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடு விளக்கு வேகமாக மினுக்கிப் பிறகு நிலையாக நிற்கும். 20 விநாடி என்பது பொத்தானைத் தேடிக் கொண்டிருந்தால் போதாது. ஆகவே கன்ட்ரோலரின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக் கொண்ட பிறகு பெட்டியைத் தொடுங்கள்.

நின்டெண்டோ சுவிட்ச் எல்லாவற்றிலும் எளிது. 2017இல் வந்த அந்தப் பெட்டியின் இரு ஓரங்களிலும் ஜாய்கான் என்ற கன்ட்ரோலர்களைத் தண்டவாளத்தில் ஏற்றுவதுபோல் சறுக்கி மாட்டினாலே பதிவாகிவிடும்.

ஹெட்போன் விஷயத்துக்கு வருகிறேன். வீண் செலவு அதிகம் நடப்பது இதில்தான். காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டில் இரவில் துப்பாக்கிச் சத்தமும் கார்ச் சத்தமும் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? பிள்ளைக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தாய் நினைக்கிறார். சந்தையில் புளூடூத் ஹெட்போன் மலிவாகக் கிடைக்கிறது. கைப்பேசியோடு சேர்கிறது. கன்ட்ரோலரும் புளூடூத்தானே, பெட்டியோடும் சேரும் என்று வாங்கி வருகிறார்கள். சேராது! பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 இரண்டும் சாதாரணப் புளூடூத் ஹெட்போனை ஏற்றுக் கொள்வதில்லை. எக்ஸ்பாக்ஸும் ஏற்றுக் கொள்வதில்லை. மணிக்கணக்காகப் பொத்தானை அழுத்தினாலும் நடக்காது. அது ஹெட்போனின் குறையும் அல்ல, பிள்ளையின் குறையும் அல்ல.

சுவிட்ச் பெட்டி மட்டும் 2021 செப்டம்பர் மாதத்தில் வந்த மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு புளூடூத் ஹெட்போனை ஏற்றுக் கொள்கிறது. அதிலும் நிபந்தனைகள் உண்டு. ஹெட்போனில் உள்ள ஒலிவாங்கி வேலை செய்யாது. ஹெட்போன் சேர்ந்திருக்கும்போது கம்பியில்லாக் கன்ட்ரோலர் இரண்டுக்கு மேல் சேராது. ஒரு ஜோடி ஜாய்கான் இரண்டாகவே கணக்கு. நான்கு பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் வீட்டில் ஒருவர் ஹெட்போன் போட்டால் மற்றவர்களுக்குச் சண்டைதான்.

சேர்ந்தாலும் இன்னொரு சங்கடம் இருக்கிறது. சாதாரணப் புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபக்கத்தில் விரித்து எடுப்பதற்குள் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குவரை தாமதமாகிவிடும். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. பந்து மட்டையில் பட்ட பிறகு 'டக்' என்ற சத்தம் தாமதித்து வந்தால் விளையாடுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். எனவே விளையாட்டுக்கென்று செய்யும் கம்பியில்லா ஹெட்போன்கள் பலவற்றோடு ஒரு சிறு யூ.எஸ்.பி. துண்டையும் சேர்த்து விற்கிறார்கள். அதைப் பெட்டியில் செருகினால் ஹெட்போன் அந்தத் துண்டோடு தன் சொந்த அலையில் பேசிக் கொள்ளும். அப்படிப்பட்ட ஹெட்போனைப் பழைய பொருளாக வாங்கும்போது துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். துண்டு தொலைந்த ஹெட்போன், சாவி தொலைந்த பூட்டு.

ஆனால் என்னைக் கேட்டால் காசே செலவழிக்க வேண்டாம் என்பேன். பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்களின் கீழ் விளிம்பில் ஒரு வட்டத் துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2015ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களிலும் அது உண்டு. பழைய கைப்பேசியோடு வந்த கம்பி இயர்போனை அந்தத் துளையில் செருகினால் போதும். கன்ட்ரோலர் வரை கம்பியில்லாமல் வரும் ஒலி, கையிலிருந்து காதுவரை கம்பியில் போகும். பிளேஸ்டேஷன் 4இல் ஆரம்பத்தில் நண்பர்களின் பேச்சு மட்டும்தான் கேட்கும். அமைப்புகள் பகுதியில் கருவிகள், அதற்குள் ஒலிக் கருவிகள் என்ற இடத்துக்குப் போய், 'எல்லா ஒலியும் ஹெட்போனுக்கு' என்று மாற்றிவிடுங்கள். மேசை இழுப்பறையில் சுருண்டு கிடக்கும் இயர்போனுக்கு வேலை கிடைத்துவிடும், வீட்டில் உள்ளவர்களுக்குத் தூக்கமும் கிடைக்கும்.

அலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பகுதியில் பேசுகின்றன. வைஃபையும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். சந்தை நாள் கூட்டம் மாதிரி! புளூடூத் அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, ஒரு விநாடிக்கு 1,600 தடவை தடம் விட்டுத் தடம் தாவுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் என்றால் அடுத்த கணம் வேறொரு தடத்தில் இருக்கும். ஆகவே கூட்டத்திலும் ஒருவாறு சமாளித்துவிடும். அது சமாளிக்க முடியாதது இரும்பு. பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டு, கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று சொல்லிப் பயனில்லை. மனித உடம்பும் இந்த அலையை விழுங்கக் கூடியது; நடுவே இரண்டு பேர் குறுக்கே உட்கார்ந்திருந்தாலே சில வேளை தடுமாறும். பெட்டியின் பின்னால் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால், அதன் யூ.எஸ்.பி. 3 கம்பியிலிருந்தும் இதே பகுதியில் இரைச்சல் கசியும். ஹெட்போன் துண்டை அதன் பக்கத்தில் செருகாமல் தள்ளிச் செருகுங்கள்.

பழைய கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. பார்வைக்கு ஒன்றாயிருப்பவை ஒன்றோடொன்று சேருமென்று நம்பக் கூடாது. பிளேஸ்டேஷன் 4இன் கன்ட்ரோலரைப் பிளேஸ்டேஷன் 5இல் பதியலாம். ஆனால் அதைக் கொண்டு பழைய 4இன் விளையாட்டுகளைத்தான் ஆட முடியும். 5இன் கன்ட்ரோலர் 4இல் நேரடியாகச் சேராது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கன்ட்ரோலர் அதற்குப் பிறகு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளில் நன்றாக வேலை செய்யும். அதற்கு முந்திய 360இன் கம்பியில்லாக் கன்ட்ரோலர் செய்யாது. விற்கிறவர் வீட்டுக்குப் போகும்போது உங்கள் நல்ல கம்பியைக் கையோடு கொண்டு போய், அவருடைய பெட்டியிலேயே பதிந்து, கம்பியைக் கழற்றி, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கம்பியோடு வேலை செய்து, கம்பியைக் கழற்றியதும் படுத்துவிட்டால், பேட்டரியோ வானொலிப் பகுதியோ போய்விட்டது என்று பொருள். கடையில் சொல்லும் 'போர்டு போய்விட்டது' என்பதையும் இந்தச் சோதனையைக் கண் முன்னால் செய்து காட்டிய பிறகு நம்பினால் போதும்.

அன்றிரவு தமக்கை வீட்டில் கம்பிதான் கிடைக்கவில்லை. இருந்த இரண்டும் சார்ஜுக்கு மட்டுமே ஆனவை. அடுத்த வீட்டிலிருந்து ஒன்றை வாங்கி வந்து மாட்டி, பொத்தானை அழுத்தினேன். கன்ட்ரோலரின் விளக்கு நீல நிறமாயிற்று. தொலைக்காட்சியில் பையனின் பெயர் வந்தது. அத்தான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏண்டா, அங்கே கொண்டு போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். பையன் என் பின்னால் நின்றுகொண்டு தலையை ஆட்டினான். இப்போதெல்லாம் அவன் கன்ட்ரோலரை அடுத்த வீட்டுக்குத் தந்தையிடம் சொல்லிவிட்டே எடுத்துப் போகிறானாம். திரும்பி வந்ததும் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கம்பியை எடுத்து ஒரு தடவை மாட்டிக் கழற்றிவிடுகிறான். அடுத்த வீட்டுப் பெட்டியும் விடியும்வரை தூங்குகிறது.